பாரம் எந்தக் காலில்

லெமுவெல் பிக்கெட் எந்த அணியில் போய்ச் சேர்ந்தாலும், கோச்சின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தன் அலமாரிக்கு மேலே இருக்கும் பெயரைத்தான் பார்ப்பான். நிலைத்து நிற்கப்போகிற ஆட்டக்காரனுக்குச் செதுக்கிய பலகையில் பெயர் இருக்கும், திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். இருப்பானோ போவானோ என்கிற ஆளுக்கு வெள்ளை ஒட்டுநாடாதான். அதில் பேனா மையால் பெயர். லெம் ஆறு ஊரில் ஒட்டுநாடாவைப் பார்த்தவன். ஏழாவதாக வந்து சேர்ந்த இந்த ஏரிக்கரை ஊரிலும் அதுவேதான். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தான். லேசாக எழும்பி வந்தது.

"பாத்தியா வெர்னி, உரிக்கிறதுக்கு வசதியாவே ஒட்டி வச்சிருக்கானுங்க" என்று சாயங்காலம் மனைவி வெர்னெட்டாவிடம் சொன்னான்.

"நீ சுரண்டாம இருந்தா அது பாட்டுக்கு ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றாள் அவள். அவள் ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் லெமுக்குப் பிடிக்கவில்லை. இதுவரை எந்த ஊரிலும் அவள் திரைச்சீலை மாட்டியதில்லை. போர்வையைத் தொங்கவிட்டு ஆணி அடித்துவிடுவாள்.

அவன் பிறந்தது மிசிசிப்பியில், பெல் ஃபோர்க் என்ற சின்ன ஊரில். கெளுத்தி மீன் குட்டைகளும் பருத்திக்காடும் தவிர அங்கே வேறொன்றும் கிடையாது. தாய் மீன் ஆலையில் தோலுரிக்கும் வேலை பார்த்தாள். பிள்ளை பிறக்கும்போதே பெரிய பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அவனுக்குத் தோதான பெஞ்சு இல்லாமல் தரையில் உட்கார்த்தி வைத்தார்கள். அப்படிப்பட்ட உடம்பைப் பார்த்தால் அந்த ஊரில் யாரும் கணக்குப் பாடத்தைப் பற்றிக் கேட்பதில்லை, ஃபுட்பால் மைதானத்துக்குத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். இழுத்துக்கொண்டு போனார்கள்.

பெயர்தான் ஃபுட்பால். அங்கே காலால் உதைப்பது அத்திபூத்தாற்போல. பந்தை வைத்திருக்கிற அணியின் முன்வரிசையும் தடுக்கிற அணியின் முன்வரிசையும் ஒரு கையைப் புல்லில் ஊன்றிக் குனிந்து, மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் எதிரெதிரே நிற்கும். பந்து அசைந்ததும் ஒருவர்மேல் ஒருவர் பாய்வார்கள். லெம் தடுக்கிற வரிசையில் நடுவில் நிற்பவன். பந்தைப் பிடிப்பது அவன் வேலையில்லை, ஓடிக் கோட்டைத் தொடுவதும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து மேலே விழுந்தாலும் மண்ணை விட்டு நகராமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவன் நகராமல் நின்றால் அவன் பின்னால் இருப்பவன் பெயர் வாங்குவான். அவன் எண் போட்ட சட்டையை எந்த ஊரிலும் எந்தக் குழந்தையும் போட்டுக்கொண்டதில்லை, அவன் மகள் டாலியாவைத் தவிர.

அந்தத் தொழிலுக்குப் பலம் மட்டும் போதாது. எதிரே குனிந்திருப்பவனை நம்பாமல் இருக்கத் தெரிய வேண்டும். ஊன்றிய கையின் முட்டி வெளுத்திருந்தால் பாரம் முன்னால் இருக்கிறது, நேரே இடிக்க வருகிறான். விரல்கள் புல்லைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் பின்வாங்கப் போகிறான். ஒரு குதிகால் லேசாகத் தூக்கியிருந்தால் பக்கவாட்டில் ஓடப் போகிறான். வாய் என்ன கத்தினாலும் கண் எங்கே பார்த்தாலும் பொருட்டில்லை, பாரம் எந்தக் காலில் என்று பார்த்தால் போதும். இப்படிப் பார்த்துப் பார்த்தே லெம் பத்து வருஷத்துக்கு மேல் பிழைத்தான். கெட்ட பழக்கம் என்னவென்றால் மைதானத்தைவிட்டு வெளியே வந்தும் அப்படியே பார்த்தான். பாதிரியாரையும் அப்படித்தான் பார்த்தான், கடையில் தக்காளி நிறுப்பவனையும் அப்படித்தான். கட்டின நாளில் வெர்னெட்டாவைக்கூட அப்படித்தான் பார்த்தான் என்று அவளே சொல்வாள்.

அவன்மேல் மட்டும் தப்புச் சொல்ல முடியாது. ஒரு ஊரில் முழு சீசன் வைத்துக்கொண்டார்கள், ஒரு ஊரில் பாதி. இன்னொரு ஊரில் பனிக்கோட்டு வாங்கின மறுநாளே போகச் சொன்னார்கள். போகச் சொல்கிற அன்று அலமாரியில் இருப்பதையெல்லாம் கறுப்புக் குப்பைப் பையில் அள்ளிக்கொண்டு வர வேண்டும், அதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். பை அணிக்காரர்களே கொடுப்பார்கள். லெம் அவர்கள் கொடுத்த பையைத் தொடமாட்டான். தன் வண்டியின் பின்பெட்டியில் சொந்தமாக ஒரு சுருள் பை எப்போதும் வைத்திருப்பான்.

இதெல்லாம் ஒரு பக்கம். பாலைவனத்து ஊரில் நடந்ததுதான் அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அங்கே கோச் தோளில் கை போட்டு, "ரெண்டு நாள் பொறு லெம், கூப்பிடுறேன், வேற எங்கயும் போயிடாத" என்றார். லெம் போகவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்து வைத்தான். கடைசியில் அவன் இடத்தில் வேறொருவனை எடுத்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தான். அந்த வருஷம் முழுக்க வீட்டில் இருந்தான்.

ஏரிக்கரை ஊருக்கு வந்ததும் வெர்னெட்டா ஒன்றே ஒன்று சொன்னாள். "இந்தத் தடவ டாலியா பள்ளிக்கூடம் மாற மாட்டா. அவ்வளவுதான்."

காரணம் இருந்தது. டாலியாவைப் பள்ளி வாத்தியக் குழுவில் டியூபா ஊதச் சேர்த்திருந்தார்கள். அவள் பாதி உடம்பை விழுங்குகிற அளவு பெரிய பித்தளை வாத்தியம், பள்ளிக்குச் சொந்தமானது, ஊர்விட்டு ஊர் தூக்கிப்போக முடியாது. வசந்தகாலக் கச்சேரிக்கு அவளுக்குத் தனியாக ஊதும் இடமே கொடுத்திருந்தார்கள். போன பள்ளிகளில் எல்லாம் அவள் குழுவில் சேருவாள், ஒத்திகைக்குப் போவாள், கச்சேரி வருவதற்குள் அப்பாவுக்கு ஊர் மாறிவிடும். ஒரு கச்சேரியில்கூட அந்தப் பெண் மேடை ஏறியதில்லை.

அதனால்தான் திரைச்சீலை.

கோடைப் பயிற்சி முழுக்க லெமுக்கு எதிரே நின்றவன் மொசேசே. யூட்டாவில் வளர்ந்த டோங்கா நாட்டுப் பையன், பந்து வைத்திருக்கிற வரிசையில் இடது பக்கத்துக் காவல். மலைபோல இருப்பான், சிரித்தால் கண் மறைந்துவிடும். காலையிலும் மாலையிலும் இரண்டு பேரும் மோதி மோதி, அவனுடைய வலது கால் லெமுக்கு மனப்பாடம். மொசேசே எதற்குக் குனிந்தாலும் வலது கால் விரல்களை முதலில் மண்ணில் குத்துவான், கோழி கிளறுகிற மாதிரி. பிறகுதான் கையை ஊன்றுவான். லெம் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் திருத்திக்கொள்வான் அல்லவா?

கடைசிப் பயிற்சி ஆட்டமும் முடிந்தது. வெட்டு நாள் வந்தது. அன்றைக்குத்தான் அணியில் மிச்சம் யார் என்று முடிவாகும். அந்த நாளில் ஆட்களைக் கூப்பிட வருகிறவர் பெர்ட்ரம் என்ற அமைதியான மனிதர். வாயில் எப்போதும் புதினா மிட்டாய். அவர் வந்து தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடுறாரு" என்றால் கதை முடிந்தது. புதினா வாசனை வந்தாலே ஆட்டக்காரர்கள் குனிந்து ஷூ கட்டுவதுபோலப் பாவனை செய்வார்கள். எமதூதனைக் கண்டமாதிரிதான்.

அன்று காலை லெமின் மூக்கில் புதினா வாசனை அடித்தது.

"லெம், கோச் கூப்பிடுறாரு" என்றார் பெர்ட்ரம்.

"எதுக்கு?"

"போய்க் கேட்டுக்கப்பா. என்கிட்ட எதுக்குச் சொல்லப் போறாங்க?"

முன்வரிசைக்கான கோச் ஹால்வர்சன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லெம் முதலில் அவர் கையைத் தேடினான். இரண்டு கையாலும் காப்பிக் கோப்பையைப் பொத்திப் பிடித்திருந்தார். கால் மேசைக்கு அடியில். படித்துப் பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை.

"உக்காரு லெம்."

"நின்னுக்கறேன் கோச்."

"சரி, நில்லு. சொல்றத முழுசா கேளு. மொசேசேக்குப் பாதத்துல எலும்பு விரிசல் விட்டிருக்கு. கடைசி ஆட்டத்துல. வெளிய யாருக்கும் தெரியாது. இன்னிக்கே அவன அடிபட்டவங்க பட்டியல்ல போட்டா வருஷம் முழுக்க ஆட முடியாது. இன்னிக்கு அணியில வச்சிருந்து நாளைக்குப் போட்டா பாதி சீசன்ல திரும்பி வந்துடலாம். அதான் விதி. அதனால இன்னிக்கு ஒரு நாள் அவனுக்கு இடம் வேணும். யாராவது ஒருத்தர் வெளிய போய் நிக்கணும்."

"அது நானா?"

"சின்னப் பசங்கள விட்டா வேற அணிக்காரன் கேக்காமலே தூக்கிட்டுப் போயிடுவான். உன்ன மாதிரி பழைய ஆள யாரும் தூக்க முடியாது, நீயா போனாத்தான் உண்டு. அதான் உன்கிட்ட கேக்கறேன். இன்னிக்கு விடறோம். நாளைக்கு அவன் இடம் காலியானதும் கூப்பிடறோம். வேற எங்கயும் போயிடாத."

வேற எங்கயும் போயிடாத. பாலைவனத்துக் கோச் சொன்ன அதே வார்த்தை, எழுத்துப் பிசகாமல்.

"சரி கோச்" என்று மட்டும் சொன்னான். அலமாரியைக் காலி செய்ய பெர்ட்ரம் கறுப்புப் பை நீட்டினார். "எதுக்கு? நாளைக்குத்தான் வரச் சொன்னாங்களே!" என்றான் லெம். பெர்ட்ரம் மிட்டாயைக் கன்னம் மாற்றினார்.

வண்டியில் ஏறுவதற்குள் போன் அடித்தது. அவனுக்காக அணிகளிடம் பேசுகிற ஏஜென்ட் கார்மைன்.

"லெம்! உன் பேரு பட்டியல்ல இல்லன்னு இப்பத்தான் பாத்தேன். கவலப்படாத. தெற்கே வளைகுடாக் கரை ஊர் அணிக்காரங்க கூப்பிட்டுட்டாங்க, நடுவுல நிக்க ஆள் இல்லையாம். சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லணும், காலைல விமானம்."

"இவங்க நாளைக்குக் கூப்பிடறேன்னாங்க."

"யாரு? கோச்சா? அடப்பாவி, இன்னுமா நம்பற? உனக்கு முப்பத்திமூணு வயசு. இதையும் விட்டு அதையும் விட்டா அப்புறம் பெல் ஃபோர்க்ல போய் மீன் புடிக்க வேண்டியதுதான்."

கார்மைன் சொன்னது பொய்யில்லை. வளைகுடாவுக்குப் போனால் ஆட்டம் உண்டு, ஆனால் வெர்னெட்டாவும் டாலியாவும் இல்லாமல் போக வேண்டும். போகாமல் இருந்து, இவர்களும் கூப்பிடாவிட்டால் ஆட்டமே போயிற்று.

வீட்டில் வெர்னெட்டா அடுப்பிலிருந்து சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். வட்டத் தட்டில் மொறுமொறு விளிம்போடு சுடுவார்களே, அவர்கள் ஊர் 'பை', அது. எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை, கத்தவும் இல்லை.

"நீ போறதுன்னா போ லெம். உன் பொழப்பு. நானும் டாலியாவும் அடுத்த கோடை வரைக்கும் இங்கதான்."

"நீ என்ன நினைக்கற? கோச் சொல்றது நிஜமா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஆள அளந்து பாக்கறது உன் வேலை. அளந்துட்டு வா."

"அந்தாளு கோப்பைய விடவே இல்லடி. வேணும்னேதான் கையை மறைச்சு வச்சிருக்கான்."

"காப்பி சூடா இருந்திருக்கும்."

"மொசேசே அன்னிக்கு மைதானத்தவிட்டு நடந்துதான் போனான். நான் பாத்தேன். நொண்டவே இல்ல. எலும்பு விட்டவன் நடப்பானா?"

வெர்னெட்டா கை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அப்ப அவன் வீட்டுக்குப் போய்ப் பாரு. இந்தக் கிழங்குப் பையை எடுத்துட்டுப் போ. வெறுங்கையோட போனா எதுக்கு வந்தேன்னு கேப்பான்."

லெம் சுடச்சுடப் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிப் போனான். மொசேசே வீட்டுக் கதவைத் தட்டினான்.

"கதவு திறந்துதான் இருக்கு, வாங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இதுவே சந்தேகம். மொசேசே வாசலுக்கு ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற பிள்ளை. இப்போது எழுந்து வரவில்லை. ஆனால் உள்ளே போனால் அவன் சாய்மெத்தையில் மகாராஜா மாதிரி சாய்ந்துகொண்டு சிரித்தான். இடுப்புக்குக் கீழே போர்வை.

"லெம் அண்ணே! கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமாயிருக்கு அண்ணே."

"அதவிடு. அக்கா கிழங்குப் பை குடுத்தனுப்பிச்சா. என்னடா போர்வையெல்லாம்? கோடைக்காலத்துல குளிருதா?"

"ஏசிய ஏத்தி வச்சிருக்கேன்."

"கால் எப்படியிருக்கு?"

"எந்தக் கால்?"

"ரெண்டுல எதுவோ."

மொசேசேயின் சிரிப்பு ஒரு நொடி கண்ணை விட்டுப் போய், திரும்பி வந்தது. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. யாரு என்ன சொன்னாங்க? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

அந்தத் தொழிலில் அடிபட்டதை ஒப்புக்கொள்கிறவன் கிடையாது. விரல் பிய்ந்து தொங்கினாலும் நாடா சுற்றிக்கொண்டு போய் நிற்பான். அடிபட்டவன் என்ற பேச்சு வெளியே போனால் அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுவான் என்ற பயம். லெமே ஒரு சீசன் முழுக்க உடைந்த கட்டைவிரலை மனைவியிடம்கூட மறைத்தவன்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அது அவனுக்கு நினைவு வரவில்லை. கோச் பொய் சொல்லிவிட்டான், பாலைவனம்தான் மறுபடியும் என்று மண்டைக்குள் ஓடியது.

"நல்லாருக்குன்னா சந்தோஷம்டா. நான் வளைகுடாப் பக்கம் போயிடலாம்னு இருக்கேன்" என்றான்.

"நம்பலயா அண்ணே? வா, இங்கயே ஒரு முட்டு முட்டிப் பாக்கலாம். பெருசு உனக்குத்தான் இடுப்பு பிடிச்சுக்கும்!"

போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டான். காலில் தடித்த கம்பளி உறை. மேசையை நகர்த்திவிட்டு, கூடத்தில் விரித்திருந்த சாம்பல் நிறக் கம்பளத்தின்மேல் குனிந்தான். லெமும் பையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு எதிரே குனிந்தான். யாராவது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருந்தால் இரண்டு காளைமாடு வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"பந்து அசைஞ்சுதுன்னு நீயே சொல்லு அண்ணே" என்றான் மொசேசே.

லெம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான், முட்டி வெளுத்திருந்தது. நேரே இடிக்கிற கை. பிறகு கீழே கால்களைப் பார்த்தான். இடது காலைச் சுற்றிக் கம்பளத்தின் மயிர் நசுங்கிப் படுத்திருந்தது. வலது காலைச் சுற்றி அது நின்றபடியே நின்றது, யாரும் மிதிக்காத புல் மாதிரி. விரல்கள் குத்தவில்லை. கோழி கிளறவில்லை. கோடை முழுக்கக் கிளறிய கால், இன்றைக்கு உடம்புப் பாரத்தில் ஒரு பிடிகூட வாங்காமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. மொசேசேயின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஏசி ஏற்றி வைத்த வீட்டில் வேர்வை.

லெம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முட்டியிருந்தால் ஒரு நொடியில் அந்தப் பிள்ளை தரையில் கிடந்திருப்பான்.

முட்டவில்லை. எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ. நீ சொன்ன மாதிரியே புடிச்சுக்கிச்சுடா."

"நான்தான் சொன்னேன்ல பெருசு!" மொசேசே மெத்தையில் பொத்தென்று விழுந்து, பெரிய மூச்சு விட்டான். "வளைகுடாவுக்கு எப்ப அண்ணே கிளம்பற?"

"பாக்கலாம். பையை ஆறவிட்டுச் சாப்பிடு."

கார்மைனுக்கு லெம் வண்டியிலிருந்தே போன் போட்டான். "வேண்டாம்னு சொல்லிடு."

"என்ன ஆச்சு? கோச் கூப்பிட்டாரா?"

"இல்ல."

"பின்ன யாரு சொன்னது?"

"ஒரு கம்பளம்."

"எது?"

"நீ வேண்டாம்னு மட்டும் சொல்லு கார்மைன்."

கார்மைன் திட்டினான் பாருங்கள், அதை இங்கே சொல்ல முடியாது.

வெர்னெட்டா நடந்ததைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். "கால் உடைஞ்சது நிஜந்தான். சரி. அதுக்காக உன்னக் கூப்பிடுவாங்கங்கறதும் நிஜம்னு ஆயிடுமா?"

"ஆகாது" என்றான் லெம். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. பாதி உண்மை சொன்னவன் மீதிப் பாதிக்குப் பொய் சொல்ல மாட்டான் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்தாலும் போகவில்லை, இருந்துவிட்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. அடுத்த அறையில் டாலியா டியூபாவை ஊதிப் பழகிக்கொண்டிருந்தாள், சுவரெல்லாம் அதிர்ந்தது. அந்தச் சத்தம் காரணமாக இருக்கலாம்.

மறுநாள் காலை போனை மேசை நடுவில் வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். டாலியா பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்துத் தங்கிவிட்டாள். காலைச் சாப்பாட்டுச் சோளக்கஞ்சி ஆறிப்போய்ப் பாளம் கட்டியது. போன் அடித்தது.

லெம் எட்டிப் பார்த்தான். எண்ணுக்கு மேலே பெர்ட்ரம் பெயர்.

கையை இழுத்துக்கொண்டான்.

"எடு லெம்!"

"எடுக்க மாட்டேன். அந்தாளு நல்லதுக்கு யாரையாவது கூப்பிட்டு நீ பாத்திருக்கியா? உடுப்பத் திருப்பிக் குடுன்னு கேக்கத்தான் கூப்பிடறான்."

"அதையாவது கேட்டுத் தெரிஞ்சுக்கோ!"

"கோச் கூப்பிடறேன்னாரு. இவன் யாரு கூப்பிட? விட்டுட்டாங்கடி, அவ்வளவுதான்!"

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது. பத்து வருஷமாக அந்த மாதிரி ஆளைக் கண்டாலே ஷூ கட்டக் குனிந்து பழகிய மனிதன், தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு உண்மையாகவே ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தான். மூன்றாம் முறை அடித்தபோது வெர்னெட்டா பாய்ந்து எடுத்தாள்.

"சொல்லுங்க."

எதிர்ப்பக்கம் குரல் மேசை வரைக்கும் கேட்டது. "எங்கம்மா போய்த் தொலைஞ்சான் உங்க வீட்டுக்காரன்? கையெழுத்துப் போடணும், காகிதமெல்லாம் தயாரா இருக்கு, பயிற்சி ஆரம்பிக்கப் போவுது, கோச் என்னத் தின்னுட்டிருக்காரு! வளைகுடாவுக்கு ஓடிட்டானா?"

"இல்ல. இங்கதான் ஷூ கட்டிக்கிட்டிருக்காரு" என்றாள் வெர்னெட்டா. "இதோ வந்துடுவாரு."

டாலியா மேசையைத் தட்டிக்கொண்டு கத்தினாள். லெம் சிரிக்கவில்லை. "ஏன் கோச் கூப்பிடல? ஏன் இவன் கூப்பிடறான்?" என்று கேட்டுக்கொண்டேதான் வண்டிச் சாவியைத் தேடினான்.

உடைமாற்றும் அறையில் முதலில் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அலமாரிக்கு மேலே பெயர் இருந்தது. ஆனால் புது ஒட்டுநாடா, மை இன்னும் பளபளத்தது.

"பழசு எங்க?" என்று பெர்ட்ரமைக் கேட்டான்.

"அணியில இல்லாத ஆள் பேரு ஒரு நாள்கூடத் தொங்கக்கூடாதுப்பா. நேத்து உரிச்சேன், இன்னிக்கு ஒட்டினேன்."

"உரிக்கும்போது திரும்ப ஒட்டணும்னு உனக்குத் தெரியுமா?"

பெர்ட்ரம் யோசித்தார். "எனக்கு யாரு சொல்றா?" என்றார்.

லெம் நகத்தால் ஓரத்தைத் தொட்டான். சுரண்டவில்லை, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டான். பிறகு குனிந்து உடுப்பைப் போட்டுக்கொண்டான்.

அந்த சீசன் முழுக்க அவன் அங்கே நின்றான், நகராமல் நின்றான். மொசேசே பாதியில் திரும்பி வந்து மறுபடி கோழி கிளறினான். கம்பளத்தில் நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வசந்தகாலக் கச்சேரியில் லெம் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தான். டாலியா தனியாக ஊதும் இடம் வந்தபோது அவன் பார்த்தது அவள் முகத்தையல்ல, கால்களை. இரண்டிலும் பாரம் சமமாக இருந்தது. அப்போதுதான் மூச்சு விட்டான்.

அந்தக் கச்சேரிக்கு முன்னால், குளிர்காலத்தில் ஒருநாள் வெர்னெட்டா வண்டியின் பின்பெட்டியிலிருந்து கறுப்புப் பைச் சுருளை எடுத்துச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள், குப்பை போட ஆகுமென்று. மறுவாரம் பின்பெட்டியைத் திறந்தால் புதுச் சுருள் ஒன்று கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மேலே ஒரு போர்வையை மட்டும் போட்டு மூடி வைத்தாள்.